மாமா காயப்போட்ட உயிர்

எங்கள் அக்கா பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லாமல் அவளால் சும்மா இருக்க முடியாது. மனிதர்களைப் பற்றியாவது இருந்தால் ஊர் வம்பு என்று காது கொடுக்கலாம். இவள் பேசுவதெல்லாம் பாசியும் காளானும்தான். கடற்கரைக்குக் கூட்டிப்போனால் காலில் சுற்றிய பழுப்புப் பாசியைத் தூக்கிக் காட்டி, "இது செடி மாதிரி வேஷம் போட்டிருக்கு, அவ்வளவுதான். மரத்துக்கும் இதுக்கும் ரொம்ப தூரத்து உறவு" என்பாள். என் தட்டில் காளான் விழுந்தால், "கீரையைவிட இது உனக்குக் கிட்டத்து சொந்தம், தெரியுமா?" என்பாள். அப்புறம் மனுஷி எப்படிச் சாப்பிடுவது?

அந்த வருடம் தாவரவியல் பிரிவில் சேர யாரும் முன்வரவில்லை. பள்ளியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சிக்குப் பிறகும் ஆள் சேராவிட்டால் பிரிவை மூட வேண்டியதுதான், அக்காவைத் தூரத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, முகம் செத்துவிட்டது. அவருக்குச் சலவைக்கடை. அக்கா பக்கத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்காத ஆள். ஆனால் வாயைத் திறந்து சொன்னால் குறைந்துபோய்விடுவாரே! "மாத்தினா மாத்தட்டும்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு, ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தார்.

கண்காட்சியில் வைக்க அக்கா எங்கிருந்தோ ஒரு கண்ணாடித் தட்டில் மஞ்சளாக எதையோ வாங்கிவந்தாள். ஈரத்தாளில் நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தது. பெயர் ஸ்லைம் மோல்டாம்.

"பூசணத்தையா வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க?" என்றார் மாமா.

"பூசணம் இல்லீங்க. செடியும் இல்ல, மிருகமும் இல்ல. பூசணம்னு நெனச்சு அந்தக் காலத்துல எங்க பாடத்துல சேத்துட்டாங்க. இப்ப வெளிய போன்னு சொன்னா பாவம், எங்க போகும்? ஓட்ஸ் போட்டா ஊர்ந்து போய்த் திங்கும். தீனி தீந்து வெளிச்சம் பட்டா, குட்டிக் குட்டிக் குச்சியா எழுந்து நின்னு தூள் விடும். அந்தத் தூள்லேர்ந்து கண்ணுக்குத் தெரியாத உயிருங்க வரும். ரெண்டு ஒண்ணாச் சேர்ந்து மறுபடி இப்படி விரியும்."

"கல்யாணம் ஆனா பெருத்துடும்னு சொல்லு."

"உங்கள மாதிரிதான்."

நான்கு நாளில் மாமா கவிழ்ந்துவிட்டார். கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் தட்டைப் பார்ப்பார். "மஞ்சளு சாப்பிட்டானா?" என்று என்னிடம் விசாரணை வேறு. நான் சாப்பிட்டேனா என்று இந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

கண்காட்சிக்கு முன் அக்கா தேர்வு மேற்பார்வைக்கு வெளியூர் போனாள். ஓட்ஸ் போடும் பொறுப்பு மாமாவுக்கு. திரும்பி வந்து தட்டைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூடியைக் காணோம். தாள் மொரமொரவென்று இருந்தது. மஞ்சளு ஆரஞ்சு நிறப் பொருக்காகிக் கிடந்தான்.

"எப்பப் பாத்தாலும் ஈரத்துலேயே கெடந்தானே, உடம்புக்கு ஆகாதேன்னு ஃபேன்ல வச்சேன்" என்றார் மாமா. ஈரத்தைக் கண்டால் காயப்போடுவது அவர் தொழில். நான் திட்டலாம் என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அக்கா கேட்டாள்: "ஃபேனை எத்தனையில வச்சீங்க?"

"ஒண்ணுலதான். வேகமா வச்சா அவனுக்குக் குளிரும்ல?"

"மெதுவாக் காஞ்சிருந்தா தூங்கும். சட்டுனு காஞ்சிருந்தா செத்திருக்கும். தண்ணி விட்டுப் பாக்கணும். முழிக்க ஒரு நாள்கூட ஆகலாம்." கண்காட்சியோ மறுநாள் காலை.

கண்காட்சியில் வேதியியல் மேசையில் கலர் கலராகப் புகை. அங்கே கூட்டம் அலைமோதியது. எங்கள் மேசையில் ஈரத்தாளும் பொருக்கும், ஈ ஓட்ட அக்காவும் நானும். திடீரென்று மாமா கடையைப் பூட்டிவிட்டு வந்து மேசைக்கு முன்னால் நின்றார். போகிற பிள்ளைகளை மறித்து, "இதைக் காயப்போட்டது நான்தான். செத்துட்டானா தூங்குறானான்னு தெரியல. நாளைக்கு வந்து பாருங்க" என்றார்.

புகை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. வழக்கு அடங்கவில்லை. "வேணும்னு செஞ்சீங்களா சார்?" என்று ஒரு பெண் குறுக்கு விசாரணை செய்தாள். "தூங்குதுன்னா எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று ஒருவன் கேட்க, மாமா அக்காவைக் காட்டினார். அக்கா சொந்தபந்தமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ஒருவரும் நகரவில்லை. எனக்கே அன்றுதான் அது முழுதாகப் புரிந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் நிற்க இடமில்லை. தலைமையாசிரியையும் எட்டிப் பார்த்தார். பொருக்கின் ஓரத்திலிருந்து மெல்லிய மஞ்சள் விரல் ஒன்று நீண்டு, ஓட்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எழுந்து வந்தது. குறுக்கு விசாரணைப் பெண்தான் முதலில் பெயர் கொடுத்தாள். பின்னாலேயே வரிசை நின்றது. "இவ்வளவு பேர் வந்தா எப்படிம்மா மூடுறது?" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போனார்.

மாமா மட்டும் கூச்சல் போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதார்.

"அதான் பொழச்சுடுச்சே, ஏன் அழறீங்க?" என்றாள் அக்கா.

"அதுக்கில்ல. நீ போயிடுவியோன்னு பயந்து செத்தேன்டி."

"நான் எங்கயும் போகல. எந்திரிங்க, புள்ளைங்க பாக்குது."

"பாக்கட்டும்" என்று மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.