அரைஸ் அரோஸ் அரிசன்

நேற்றுக் காலை, திருநின்றவூர் வீட்டு வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியை அறுத்தேன். கசங்கிய இலையின் வாசனை மூக்கில் ஏறியதும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. எண்பதைத் தாண்டியவன் ஓர் இலைக்குப் பயப்படுவானா என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

1950களில், தொழிற்பேட்டை என்ற பேச்சே இல்லாத காலத்தில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியர். கரும்பலகை வெளுத்துப்போனால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவோம். அது வெள்ளிக்கிழமை வேலை. பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் கிழமை பார்ப்பதில்லை. அவர் வந்த அன்று செவ்வாய். பலகை இன்னும் காயவில்லை. அறை முழுக்க அந்த வாசனை.

தலைமையாசிரியர் காலையிலேயே என்னை வராந்தாவில் நிறுத்தினார். "இதோ பாருப்பா, அவரு ஒத்துக்கலன்னா இந்த மாசத்தோட நீ கெளம்ப வேண்டியதுதான். என் கையில ஒண்ணும் இல்ல."

ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

இங்கிலீஷ் வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். 'அரைஸ்' தொடங்கி டபிள்யூவில் வரும் 'ரைட்' வரை, அகரவரிசையில், ஒவ்வொரு சொல்லின் மூன்று வடிவங்களையும் மும்மூன்றாக, வாய்ப்பாடு மாதிரி நாற்பது பிள்ளைகளும் ஆடிக்கொண்டே கத்துவார்கள். நான் படித்ததும் அப்படித்தான். அதில் ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. முந்தைய மாதத்து நாட்குறிப்பில் நானே அதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் முதல் பெஞ்சிலிருந்த ஜுலைகாவை எழுப்பினார். பழவேற்காட்டிலிருந்து வந்து கருவாட்டு வியாபாரம் செய்த வீட்டுப் பெண். வகுப்பிலேயே கெட்டி.

"ஸீக். மூணையும் சொல்லு."

அவள் உதடு மட்டும் அசைந்தது.

"என்னம்மா முணுமுணுக்கற?"

"மொதல்லேர்ந்து வந்துகினு இருக்கேன் சார். எஸ்ஸு வர நேரமாவும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க."

'ஸீக்' மட்டும் தனியாக எனக்கும் வராது. என்னையறியாமல் வாய் 'அரைஸ் அரோஸ் அரிசன்' என்று கிளம்பிவிட்டது.

"டேய், சாரும் மொதல்லேர்ந்து வராருடா!" பின் பெஞ்சில் ஒரு குரல்.

'பிகின்' வரை வந்தேன். அதற்குமேல் நாக்கு எழவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"ப்ரேக் ப்ரோக் ப்ரோக்கன்!" என்று எடுத்தாள் ஜுலைகா, யாரும் கேட்காமலேயே. நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். 'ஸீக் ஸாட் ஸாட்' வந்ததும் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். நடுவில் நிறுத்தும் வழக்கம் என் வகுப்பில் இல்லை. 'ரைட் ரோட் ரிட்டன்' என்று முடித்துத்தான் மூச்சு விட்டார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "பசங்க உங்கள விட்டுக்கொடுக்கல. அதுக்காக இருங்க. ஆனா ட்ரெயினிங் முடிச்சாகணும், ஆமா."

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: "இன்ஸ்பெக்டர் வந்தார். மழை இல்லை." என் வழக்கமான முத்து முத்தான கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணலாக ஓடுகிறது.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தொழிற்சாலையின் மதில் நிற்கிறது. நேற்று வேலியோரம், கையில் அறுத்த கொடியோடு, முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். 'பிகின்' வரை வந்தது. அங்கேயே நின்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.