கடல்நாய்கள் இறங்கிப் போன மணல்திட்டு

என் கணவர் ஊரில் பண்ணைக் கடலோரம் வளர்ந்தவர். எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் ஏறாத தண்ணீர் அது. கடல் வற்றுவதும் பெருகுவதும் அங்கே ஒரு சாண், இரண்டு சாண்தான். மொன்றியலுக்கு வந்த பிறகும் மனிதருக்குத் தண்ணீர்ப் பைத்தியம் விடவில்லை. பழைய அலுமினிய வள்ளம் ஒன்றை வாங்கி, சனிக்கிழமைகளில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இறக்குவார். கடல் எட்டாத ஆறு; தண்ணீர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நானும் கூடப் போவேன். எஞ்சினில் மட்டும் கை வைக்க விடமாட்டார். "அது உமக்குச் சரிவராது" என்று ஒரே பேச்சு.

போன கோடையில் கடல்நாய் பார்க்க ஆசைப்பட்டோம். வள்ளத்தைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு, ஆறு கடலாக விரியும் பக்கத்துக்கு விடிய வெளிக்கிட்டோம். பார்க் எக்ஸ்டென்ஷன் கடையில் வாங்கிய மீன் ரோல்ஸ் என் மடியில். இறங்குதுறையில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் மணிக்கூட்டைக் காட்டி, தண்ணீரைக் காட்டி, கையை மேலே மேலே உயர்த்தினார். இவர் "மெர்சி, மெர்சி" என்று தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கடலுக்கை வளந்தவனுக்கு இவர் கடல் படிப்பிக்கிறார்."

வள்ளத்தில் கொஞ்சத் தூரம் போனதும் ஒரு மணல்திட்டுத் தெரிந்தது. அதன் தூர முனையில் கடல்நாய்கள் கொழுத்துப் பருத்து, நெல்மூட்டைகள் போலக் கிடந்தன. ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது என்பதால் இந்த முனையில் நங்கூரம் போட்டார். ஊர்ப் பழக்கம், இடுப்பளவு தண்ணீருக்கு நீளம் குறைந்த கட்டைக் கயிறு. போட்ட கையோடு மணலில் சின்னத் துளைகளைக் கண்டுவிட்டார்.

"இஞ்சேரும், மட்டி!"

உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வள்ளத்துக்குள் எறிந்தார். சேர்ட்டையும் கழற்றி, மட்டிச் சிப்பி பொறுக்கப் பை மாதிரிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஊரில் செய்வதுபோலக் காலால் மணலைத் துழாவித் துழாவி நடந்தார். குனிந்த தலை நிமிரவேயில்லை.

கொஞ்ச நேரத்தில் கடல்நாய்கள் ஒவ்வொன்றாக நழுவித் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கின.

"எல்லாம் போகுதப்பா!" என்று கத்தினேன்.

"உம்மடை மூஞ்சையைக் கண்டிருக்குங்கள்!"

நானும் சிரித்தேன். பிறகு பார்த்தால், அவை கிடந்த முனையையே காணவில்லை. தண்ணீர் அதை மூடிவிட்டிருந்தது. என் காலடியில் வள்ளமும் நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் உயர உயர, அந்தக் கட்டைக் கயிறு நங்கூரத்தை நிலத்தை விட்டே தூக்கிவிட்டது. காற்று என்னை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டு போனது.

"மாதாவே! என்ரை மாதாவே!" என்று அலறினேன்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். முழங்காலளவு தண்ணீர். ஓடி வந்தார், இடுப்பளவாகிவிட்டது. நான் கையை விட்டுப் பார்த்தேன். எலும்பு வலிக்கும் குளிர். அந்தக் குளிரில் எந்த நீச்சல்காரன் நீந்துவான்? அவருடைய அங்கி என் பக்கத்தில் சும்மா கிடந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

சனிக்கிழமைகளில் எஞ்சினைக் கிளப்பும்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டு இருந்தது வீண்போகவில்லை. நங்கூரத்தை இழுத்து உள்ளே போட்டேன். எண்ணெய்க் குழாயில் இருக்கும் கறுத்த ரப்பர் உருண்டையை இறுகும்வரை அமத்தினேன். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. மறுபடி இழுத்தேன். சனியன் பிடித்த எஞ்சின் இருமிவிட்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுவை. பிடித்துக்கொண்டது.

அவர் கத்துவது கேட்டது. தண்ணீர் நெஞ்சளவு. மட்டிச் சேர்ட்டை இன்னும் விடவில்லை.

"இஞ்சாலை வராதையும்! அலை பிரட்டிப் போடும்! நீர் கரைக்குப் போம்! பிள்ளையளுக்கு ஒராளாவது வேணும்!"

தண்ணீர் ஏறியதைவிட அந்தச் சொல்தான் என்னை உலுக்கிப் போட்டது. இந்த மனிதர் சாவதென்று முடிவெடுத்துவிட்டார், என்னை ஒரு சொல் கேளாமல்! பயம் போய் எனக்கு விசர்க் கோபம் வந்தது. எஞ்சின் கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல் ஒரு வட்டம் அடித்தேன். பிறகு நேரே அவரிடம் விட்டேன். கிட்ட வந்ததும் எஞ்சினை நிறுத்தி, அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே விழுந்தோம். மட்டிகள் வள்ளமெங்கும் சிதறின.

உதடு நீலமாகிவிட்டது அவருக்கு. என் ஜாக்கெட்டால் போர்த்தி, அங்கியை மாட்டிவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து செய்யாத வேலை. இரண்டு பேருமே திகைத்துப்போனோம்.

"கரைக்குப் போம் எண்டு ஆருக்குச் சொன்னனீங்கள்? உங்களை விட்டிட்டுப் போகத் தெரிஞ்சவளெண்டால் எப்பவோ போயிருப்பனே!"

அவர் வாயைத் திறந்தார். பல்தான் அடித்தது. எஞ்சினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தவழ்ந்துபோய் முன்பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரை எந்தப் பக்கமெண்டு மட்டும் காட்டுங்கோ" என்றேன்.