ரயிலுக்குப் போகிறவர்களோடு ஓர் ஆட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணி ஒன்று ஒரே பருவத்தில் ஆடிய நான்கு ஆட்டங்களையும், அதே பழைய விதிகளில் திருப்பி ஆடிப் பார்ப்பதென்று ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் விளையாட்டு வரலாற்று வகுப்பு முடிவெடுத்தது. தலைக்கவசம் கிடையாது. முட்டை வடிவப் பந்தை முன்னால் எறியக் கூடாது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். கம்பளிச் சட்டை மழையில் நனைந்தால் அதுவே ஆளை விழுத்திவிடும்.

எனக்கு ஓட்டம் வராது, வாய்தான் ஓடும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியும் தன் பக்கம் வாதாட ஒரு நடுவரைக் கூட்டிவருமாம். அதை வாசித்ததும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. மூன்று ஆட்டங்களில் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றிலும் தோற்றோம். அந்தப் பழைய அணி கடைசி ஆட்டத்தையாவது வென்றிருந்தது. நாங்களும் வென்றே தீர வேண்டுமென்று எனக்கு ஒரே வெறி.

கடைசி ஆட்டம் லைப்சிக்கிலிருந்து வந்த மாணவர்களோடு. புள்ளிகளில் அவர்கள் சற்று முன்னால் நின்றார்கள். முடிகிற நேரத்தில் எங்கள் தடியன் ஒருவன் பந்தோடு எல்லைக் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தான். அது சரியென்றால் வெற்றி எங்களுக்கு. வழியில் அவன் பக்கக் கோட்டை மிதித்துவிட்டான் என்றான் அவர்களுடைய நடுவர், கண்ணாடி போட்ட ஒரு சாந்தமான பெடியன். இல்லவே இல்லை என்றேன் நான்.

வாதம் முடிய முன்னர் மைதானத்தை விட்டுப் போகிற அணி தோற்றதாகும் என்பது விதி. அவர்களுக்கோ ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விடுவேனா? வேறு நகரத்திலுள்ள எங்கள் தமிழ்க் கோயிலின் பொதுக்கூட்டத்தில் இப்படித்தான் வெளியூர்க்காரர் ரயிலுக்கு எழும்பும்வரை கதையை இழுப்பார்கள். பிறகு மிச்சமிருப்பவர்கள் கையை உயர்த்த, தீர்மானம் நிறைவேறிவிடும். நானும் இழுத்தேன். கோடு என்றால் என்ன, மிதிப்பது என்றால் என்ன, சப்பாத்தின் விளிம்பு காலோடு சேர்த்தியா என்று போய்க்கொண்டே இருந்தேன். அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். பைகளைத் தோளில் மாட்டினார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பா அப்போதுதான் குடையோடு மைதானத்துக்குள் இறங்கினார். ரயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், தன்னுடைய வான் நிற்கிறது, இரண்டு நடையில் எல்லாரையும் நிலையத்தில் இறக்கிவிடலாம், ஆறுதலாகக் கதைத்து முடியுங்கள் என்று ஜேர்மன் மொழியில் அவர்களுக்குச் சொன்னார்.

எனக்குக் கொதித்தது. "அப்பா, நீங்கள் எந்தப் பக்கம் நிக்கிறியள்?" என்று தமிழில் பாய்ந்தேன்.

"பிள்ளை, வான் வாங்க முதல் எத்தினை வருசம் கோயில் கூட்டங்களிலை பாதியிலை எழும்பி ரெயிலுக்கு ஓடினனான். சொல்ல நினைச்சதை ஒருநாளும் முழுசாச் சொல்லேல்லை. அந்தப் பெடியன் சொல்லி முடிக்கட்டும்."

அவன் சொல்லி முடித்தான். கோட்டுக்கு வெளியே சேற்றில் பதிந்திருந்த சப்பாத்துத் தடத்தையும் காட்டினான். தோற்றோம்.

முதல் நடைக்கே வான் நிரம்பிவிட்டது. தான் திரும்பி வரும்வரை மற்றவர்களோடு கதைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு அப்பா போனார். எனக்குச் சரியான கோபம். லைப்சிக்காரர் நால்வரோடு அப்பாவின் குடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றேன். வான் போன திசையையே பார்த்தேன். அந்தக் கூட்டங்களில் அப்பா என்ன சொல்ல நினைத்தார் என்று வீட்டில் நாங்கள் ஒருவரும் கேட்டதே இல்லை.