முயலுக்குக் கட்டிய வீடும் ஆம்பூர் மாமாவும்

என் மைத்துனனை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்த பிறகு யாரும் அதை நம்பமாட்டார்கள். என் மனைவிக்கு ஒரே தம்பி அவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். தெருமுனையில் அவனுடைய ஹாரன் சத்தம் கேட்டதும், நான்காம் வகுப்பு படிக்கிற என் மகள் கையில் இருப்பது இட்லியோ பென்சிலோ, அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். நானும் தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன்தான். எனக்காக ஒருநாளும் ஒரு பென்சில்கூடக் கீழே விழுந்ததில்லை.

தாய்மாமன் என்றால் நம் பக்கத்தில் சும்மாவா? காது குத்தினால் அவன் மடி. மொட்டையடித்தால் அவன் மடி. நாளைக்கு இவள் பெரிய மனுஷி ஆனால் பச்சை ஓலைக் குடிசை கட்டப்போவது அவன். பெற்ற அப்பன் அந்த நேரத்திலெல்லாம் சமையல்காரரிடம் ரசம் போதுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பான். யார் எழுதி வைத்த சட்டம் என்று தெரியவில்லை. எழுதியவனுக்கு நிச்சயம் பெண் குழந்தை இருந்திருக்காது.

போன தை மாதம் அவன் பைக்கின் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். வெளிநாட்டுக்குப் போகிற பூட்ஸ் வைக்கும் பெட்டி. பக்கவாட்டில் ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"பாப்பா, உனுக்கு இன்னா கொண்டாந்திருக்கேன், சொல்லு பாக்கலாம்!"

உள்ளே இரண்டு முயல்குட்டிகள். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். என் மகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். என் மனைவிதான் கொஞ்சம் யோசித்தாள்.

"ஏன்டா, இதுங்கள எங்கடா வெக்கிறது?"

"இன்னாக்கா பெரிய பேஜாரு? அதான் மாமா இருக்காரே!" என்று என்னைக் காட்டினான்.

மாமா இருந்தேன். முயல் போட்ட புழுக்கையை அள்ளினேன், ஃபிரிட்ஜ் ஒயரைக் கடிக்காமல் காவல் காத்தேன், சமையலறையில் நாற்றம் என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முயல்களுக்குப் பெயர் வைப்பதற்கு மட்டும் என் மகள் ஆம்பூருக்குப் போன் போட்டாள். இரண்டு பெயர்களும் மாமா சொன்னவை.

அந்த வாரத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை வைப்பதற்காகப் போட்டது. மூன்று பக்கம் ஹாலோபிளாக் சுவர், மேலே தகர ஷீட். அதை முயல் வீடாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். அவன் கொண்டுவந்தது அட்டைப்பெட்டி, ஒரு மழை பட்டால் கூழாகிவிடும். நான் கட்டப்போவது வீடு. அதற்குள் போகும்போதும் வரும்போதும் என் மகளுக்கு அப்பா ஞாபகம் வந்துதானே ஆக வேண்டும்? முயல் மேல் அன்பு என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது அந்த ஓட்டம், வாசலுக்கு ஓடுகிறாளே, அதில் பாதியாவது.

கால்நடை மருத்துவமனைக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த டாக்டரம்மா கொட்டகையின் போட்டோவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இது கொட்டகை இல்ல, அடுப்பு. முயலுக்கு வேர்க்காது. காது வழியாத்தான் சூடு எறங்கணும். நம்ம ஊரு வெயில்ல இந்தத் தகரத்துக்கு அடியில வெச்சீங்கன்னா சித்திரைகூடத் தாங்காது."

வெயில் மட்டுமா? பூனை, கீரி, பாம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருச்சாளி என்று அடுக்கினார். நான் நல்ல மாணவனைப்போலக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு விடுமுறை நாள் எல்லாம் கொட்டகைக்கே போயிற்று. கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைகளையும் மிச்ச டைல்ஸையும் வெளியே தூக்கிப் போட்டேன். மூலையில் இரண்டு பெருச்சாளி வளை. கொத்தனாரைக் கூப்பிட்டு வளைகளைக் கான்கிரீட்டால் அடைத்து, சுவரோரமாகக் கம்பி வலையை ஒரு முழ ஆழத்துக்கு மண்ணில் இறக்கினோம். தரையை வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம், முயல் கால் வழுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் சொரசொரப்பாகவே விட்டு, கழுவிவிட்ட தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்தோம். வடக்கிலும் தெற்கிலும் சுவரை உடைத்து வலை அடித்த ஜன்னல்கள் வைத்தோம். மேற்கில் ஒன்றும் வைக்கவில்லை, அது வெயில் அடிக்கிற பக்கம். சுவரில்லாமல் திறந்து கிடந்த கிழக்கை வலையும் கதவும் போட்டு அடைத்தோம். தகரத்துக்கு மேலே இரண்டு அடுக்குத் தென்னங்கீற்று, கீழே மூங்கில் தட்டி. உள்ளே ஒரு ஃபேன் வைத்து, அதன் ஒயரை முயல் பல்லுக்கு எட்டாத உயரத்தில் குழாய்க்குள் விட்டேன். ஒளிந்துகொள்ளவும் படுத்துக்கொள்ளவும் இரண்டு பெரிய மண்பானைகளைப் படுக்கவைத்து, பாதி மணலில் புதைத்தேன். கதவைத் திறந்தால் துள்ளி வெளியே ஓடிவிடாதபடி வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை. சொந்த வீட்டுக்குக்கூட நீங்கள் இவ்வளவு யோசித்ததில்லை என்று மனைவி சொன்னாள். உண்மைதான், அந்த வீட்டுக்குப் போட்டிக்கு ஆள் இல்லை.

என் மகள் பக்கத்திலேயே இருந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் ஒரு கையில் ஆணி டப்பா என்றால் இன்னொரு கையில் அவள் அம்மாவின் போன். போனுக்குள் அவன்.

"மாமா, அப்பா ஆணி அடிக்கறாரு பாரு!"

"சூப்பர் மாமா! கொஞ்சம் லெஃப்டுல அடிங்க!"

நான் வியர்வை சொட்டச் சொட்ட ஏணி மேல் நிற்கிறேன். அவன் ஆம்பூரில் டீ குடித்துக்கொண்டு லெஃப்ட் ரைட் சொல்கிறான். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான். அந்த ஆணி வளைந்து போயிற்று.

ஒரு ஞாயிறு அவன் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினான். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோல் துண்டுகள், எல்லா நிறத்திலும். "தரையில பரப்பிடலாம் மாமா, மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றான். ஆம்பூர்க்காரனுக்கு உலகத்தில் எந்த ஓட்டையையும் தோலால் அடைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. நான் அவன் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டேன். "ஐயோ சார், முயல் எதையும் கடிக்கும். பதம் பண்ண தோல்ல இன்னா இன்னா கெமிக்கல் இருக்குமோ! சாக்கு போடுங்க, போதும்" என்றார். என் வாழ்நாளில் எதையும் இவ்வளவு சந்தோஷமாக நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஆனால் என் மகள் முகம் விழுந்துவிட்டது. மாமா ஆசையாகக் கொண்டுவந்ததாயிற்றே! மூட்டையைக் கிளறி ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, புத்தகத்தில் அடையாளம் வைக்க வைத்துக்கொண்டாள். அவன் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். நான் சாக்கு வாங்கக் கடைக்குப் போனேன்.

வேலை முடிந்ததும் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் என்றாள் மகள். சரி, குழந்தை ஆசை. கொட்டகை வாசலில் கோலம் போட்டு, மாவிலை கட்டி, என் மனைவி கேசரியும் கிண்டினாள். அன்றைக்காவது நான்தான் கதாநாயகன் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். ஹாரன் கேட்டது. அவன் சும்மா வரவில்லை, சீர் கொண்டுவந்தான். தாம்பாளத் தட்டில் கேரட், இன்னொன்றில் அருகம்புல், மூன்றாவதில் அகத்திக்கீரையும் ஒரு சின்ன மண் தண்ணீர்த் தொட்டியும். அக்கா வீட்டுப் புதுமனைக்குத் தம்பி சீர் எடுத்து வருகிற மாதிரியே கேட்டிலிருந்து ஒரு தட்டை ஏந்திக்கொண்டு நடந்து வந்தான். மற்ற தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் வந்தன. என் மகளுக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டானா? பையிலிருந்து ஒரு வேட்டியையும் துண்டையும் எடுத்தான். "வூடு கட்டுனவருக்குத்தான் மொதல் மரியாத" என்று சொல்லி, துண்டை என் தோளில் போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். என் மகள் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு மரியாதை செய்ததற்காக அவனுக்குக் கிடைத்த பார்வை அது. வயிறு எரிந்தது என்று எழுதினால் குறைத்து எழுதியதாகும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

மே மாதம் கத்திரி வெயில் வந்தது. முயல் வீடு நன்றாகத்தான் இருந்தது. நண்பகலில் கீற்றுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் உள்ளே எங்கள் ஹாலைவிடக் குளிர்ச்சி. முயல்கள் பானையில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கண்ணயர்ந்த நேரத்தில், என் மைத்துனனும் மகளும் வெள்ளை முயலை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ரீல்ஸ் எடுக்க. கொஞ்ச நேரம்தானே என்று நினைத்திருப்பார்கள். நம் ஊர் மொட்டை மாடியில், அந்த வேளையில், மனிதனே செருப்பில்லாமல் நிற்க முடியாது.

அலறல் கேட்டு எழுந்து ஓடினேன். அவன் அதற்குள் கீழே இறங்கி ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். மகள் கடைசிப் படியில் நின்றாள். அவள் கையில் முயல் துணிபோலத் துவண்டு கிடந்தது. வாய் திறந்திருந்தது. காது இரண்டும் சிவந்து போயிருந்தன. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

முயலை என் கையில் கொடுத்தாள். "அப்பா, நீ பாருப்பா" என்றாள். கொடுத்துவிட்டு, ஓடிப்போய் அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

"ஐஸ் தண்ணி ஊத்தட்டா மாமா?" என்றான் அவன், அவளை அணைத்துக்கொண்டே. "வேணாம், வேணாம், திடீர்னு சில்லுன்னு பட்டா தாங்காது" என்று சொல்லிவிட்டு நான் கொட்டகைக்கு ஓடினேன். ஈரச் சாக்கில் முயலைக் கிடத்தி, சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளை ஒற்றி எடுத்தேன். ஃபேனைத் திருப்பி வைத்தேன். சொட்டுச் சொட்டாக உதட்டை நனைத்தேன். 'உன்னாலதான்டா எல்லாம்' என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஜன்னல் வலை வழியாகப் பார்த்தேன். அவள் இன்னும் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணிலும் தண்ணீர். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

முயல் பிழைத்தது. முதலில் மூக்கு அசைந்தது, பிறகு தலை நிமிர்ந்தது, பிறகு என் கையில் மூத்திரம் பெய்தது. கூப்பிட்டேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் அதன் நெற்றியைத் தடவினாள்.

"நீ இல்லன்னா செத்துப் போயிருக்கும் இல்லப்பா?"

இதைக் கேட்கத்தானே தை மாதத்திலிருந்து மண் சுமந்தேன்? கேட்டதும் இனித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் கண் அதற்குள் காய்ந்திருந்தது. அழ வேண்டியதையெல்லாம் அங்கே அழுதுவிட்டு வந்திருந்தாள். என்னிடம் முயலைக் கொடுத்திருந்தாள். பயத்தை அவனிடம் கொடுத்திருந்தாள்.

சாயங்காலம் அவன் கிளம்பினான். சட்டை நெஞ்சுப் பக்கம் கசங்கி, கண்ணீரும் மூக்குச் சளியுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. "கழட்டிக் குடுடா, அலசிப் போடறேன், இவரு சட்ட ஒண்ணு போட்டுக்கினு போ" என்றாள் என் மனைவி.

"வாணாம்கா, வண்டில போனா காஞ்சிடும்" என்றான். என்னைப் பார்த்து, "சாரி மாமா" என்றான்.

"பரவால்ல, பாத்துப் போ" என்றேன்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டில் நின்றேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் ஹைவே காற்றில் சட்டை காய்ந்துவிடும். அவன் அதைத் துவைக்கிற துணியோடு துணியாகப் போட்டுவிடுவான். அந்தச் சட்டைக்கு நான் அந்தக் கொட்டகையையே கொடுத்திருப்பேன்.