வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு வருங்கால டாக்டர்

வாசகசாலை அறிவிப்புப் பலகையை மேயும் நண்பர்களே, இன்று டாக்டராகப் போன நான் பிணமாகிப் பிழைத்து வந்திருக்கிறேன்.

மருத்துவப் பள்ளியில் சேர எனக்கும் கோவிந்தனுக்கும் நாளை நேர்முகத் தேர்வு. அங்கே படிக்கும் காசிம் அண்ணன், "முதல்ல பிணம் அறுக்குற ரூமைப் பாத்துட்டுப் போங்கடா. அதைப் பாத்தே பாதிப் பேரு ஓடிடுறான்லா" என்று அழைத்துப் போனார்.

கோவிந்தன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றான்.

அவனைப் பயமுறுத்தாமல் விடுவேனா? உள்ளே ஓடி, காலியாக இருந்த மேசையில் ஏறிப் படுத்து, வெள்ளைத் துணியைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

காலடிச் சத்தம் நெருங்கியது. "ஊஊ!" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

எதிரே கோவிந்தன் இல்லை. ஒரு வெள்ளைக்காரத் துரை; அவருக்குப் பின்னால் வகுப்பு மொத்தமும்.

துரை அசரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக நாடி பார்த்தார். பிறகு மாணவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த மேசையில் இதுவரை யாரும் குணமானதில்லை. குறித்துக்கொள்ளுங்கள்."

வெளியே வந்ததும், "யாருண்ணே அவரு?" என்று கேட்டேன்.

காசிம் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாளைக்கு உன்னைக் கேள்வி கேக்கப் போறவரு அவருதான்டா!"

"கவலைப்படாதே. யாரை மறந்தாலும் உன்னை மறக்க மாட்டாரு" என்றான் கோவிந்தன், ஆறுதலாக.

நாளை துரை என்னை உற்றுப் பார்த்தால், "நேற்று அந்த மேசையில் கிடந்தவர் காலஞ்சென்ற என் அண்ணன், ஐயா" என்று கண்கலங்கச் சொல்வதாக இருக்கிறேன்.

இதைவிட நல்ல பொய் கைவசம் இருப்பவர்கள், விடிவதற்குள் கீழே எழுதிவைக்கவும்.