மாமி தேடிய காக்கை

அபிதகுஜாம்பாள் மாமி முடிச்சூரை விட்டு மகனோடு பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் காலை ஐந்தரைக்கெல்லாம் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. "ஹில்டா, கெளம்பிட்டியா?" என்று கீழ்வீட்டிலிருந்து வரும் குரலுக்குப் பழகிப்போன காது. மாமி இல்லாத காலைகள் எனக்குப் பிடிக்கவேயில்லை.

பறவை பார்க்கிறவர்கள் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு ஓடுவார்கள். மாமி பறவை பார்க்க ஆரம்பித்தது காக்கைக்காக. சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அவர் கணவர் ராஜகோபாலன் சாருக்கு ஆனி மாதத்தில் திவசம். மொட்டைமாடியில் வைக்கும் பிண்டத்தைக் காக்கை எடுத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவார்கள். முதல் வருஷம் மூன்று மணிவரை ஒரு காக்கைகூட வரவில்லை. புறாக்கள் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போயின. அவற்றை மாடிக்குப் பழக்கியதே மாமிதான். சார் போனதிலிருந்து புண்ணியம் என்று தினமும் அரிசி இறைத்திருக்கிறார். "அவர் பசியோடயே திரும்பிப் போயிட்டார், ஹில்டா" என்று மாமி அழுதபோது, சர்ச்சுக்குப் போகிற நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

மறுநாளே அரிசி நின்றது. மாடியில் மண்சட்டியில் தண்ணீர் மட்டும். தினமும் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடை, நான் துணை. காக்கை எங்கே அடைகிறது, எந்த வழியாக வருகிறது என்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் மாமி குறித்துக்கொள்வார். காக்கையைத் தேடிய கண்ணில் மற்றதும் பட்டது. செம்போத்து, கரிச்சான், வேலியோரம் ஓயாமல் அரட்டையடிக்கும் தவிட்டுக்குருவிகள். "நாம குடிவந்தப்போ இங்கெல்லாம் வயல். டிராக்டர் பின்னாடி கொக்கு வரிசையா நடக்கும். ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கோமா?" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அடுத்த வைகாசியில் எங்கள் குடியிருப்பின் வாசல் வேம்பிலேயே ஒரு காக்கை ஜோடி கூடு கட்டியது. மாமிக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே வம்பும் வந்தது. சங்கச் செயலாளர் ஏகநாதன் தன் கார்மேல் எச்சம் விழுகிறதென்று கிளையை வெட்ட ஆளோடு வந்துவிட்டார். மாமி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இன்னா மாமி, ஒரு காக்காவுக்கா இம்மாம் பேஜாரு?"

"ஆனி முடியட்டும் சார். அதுவரைக்கும் ஒங்க காரை நான் தொடச்சுத் தரேன்."

வெட்ட வந்தவர் அரிவாளை எடுத்துக்கொண்டு தானாகவே போய்விட்டார். மறுநாளிலிருந்து மாமி கையில் வாளி, என் கையில் துணி. முப்பத்தெட்டு நாள் துடைத்தோம். நான் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டேதான் துடைத்தேன்.

திவசத்தன்று மாடிச் சுவரில் பிண்டத்தை வைத்துவிட்டு மாமி கைகூப்பி நின்றார். பத்து நிமிஷத்தில் வேம்பிலிருந்து காக்கை வந்தது. வாய் நிறைய எடுத்தது. ஆனால் தின்னவில்லை. முருங்கைக் கிளையில் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்த குஞ்சுக்குக் கொண்டுபோய் ஊட்டியது. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். காக்கைக் கூட்டில் பொரித்த குயில் குஞ்சு. காக்கை மறுபடி வந்தது. அந்த வாயும் குஞ்சுக்கே போனது.

மாமியின் மகன் அனிருத்துக்கு முகம் வாடிவிட்டது. "அம்மா, காக்கா சாப்பிடவே இல்லையே. யாரோட குஞ்சுக்கோ குடுக்கறது. இது செல்லுமா?"

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சார் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒங்கப்பா என்னிக்குடா தன் தட்டுல இருக்கறத முழுசா தானே சாப்பிட்டார்? தெருக் கொழந்தைகளுக்கெல்லாம் ஊட்டிட்டுத்தானே கையலம்புவார். போ, இலையப் போடு."