இடக்கையும் துவாதசி அகத்தியும்

ஆவணியில் ஒரு காலை என் இடக்கை வீங்கியிருந்தது. ரவிக்கைக் கை ஏறவில்லை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஒருக்களித்துப் படுத்ததால் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். மறுநாள் தில்லைநகரில் ஸ்கேன் எடுத்தபோது, தோளுக்கருகே ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருப்பது தெரிந்தது. என் ரத்தத்துக்குப் பிறவியிலேயே சட்டென்று உறையும் சுபாவமாம். ஐம்பத்திரண்டு வருஷம் அது தெரியாமலேயே நடமாடியிருக்கிறேன்.

டாக்டரம்மா துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், சுற்றிவளைத்துப் பேசமாட்டார். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு முழுக்க மாத்திரை, பத்து நாளுக்கொரு ரத்தப் பரிசோதனை. கீரை கூடாது, மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். இன்னொரு கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார்.

கீரையை ஒழித்தோம். கீரைக்காரி எங்கள் வாசலுக்கு வருமுன்பே என் கணவர் தெருமுனையில் நின்று திருப்பி அனுப்பினார். முப்பது வருஷம் அடுக்களையை எட்டிப் பார்க்காத மனிதர், என் கைக்காகத் தளிகை செய்யவும் கற்றுக்கொண்டார். உப்பு முன்னே பின்னே இருக்கும்; நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பரிசோதனையில் ஒரு தடவை எல்லாம் சரியாக இருக்கும்; மறு தடவை ரத்தம் பழையபடி கெட்டியாகியிருக்கும். மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறேனா என்று டாக்டரம்மா கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து என் கணவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பார்.

"வாயைத் தொறந்து காட்டு" என்பார். நாக்கைத் தூக்கியும் காட்டவேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் ஒரு மாத்திரைக்காகவா பொய் சொல்வேன்? கோபத்தில் அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

தையில் கை மறுபடி கனத்தது. மூன்று நாளாக என்ன சாப்பிட்டேன் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். சமைத்தவர் என்ற பெருமையில் இவரே பதில் சொன்னார். ஏகாதசியன்று இருவரும் உபவாசம். மறுநாள் துவாதசி, விரதம் முடிக்க நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், கொல்லை மரத்து அகத்தி. உடம்பு தேறட்டும் என்று எனக்கு அகத்தி மட்டும் இரண்டு கரண்டி கூடுதல்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, எங்க ஊர்ல ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுற அகத்தியும் கீரைதாங்க."

இவர் என்னைப் பார்த்தார். அகத்தி கீரை என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை; துவாதசியை ஒட்டி வந்த பரிசோதனைகளில்தான் ரத்தம் கெட்டியாகியிருந்தது. கீரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோதெல்லாம் இல்லவே இல்லை என்று மனசாரத்தான் சொன்னோம். துவாதசி அகத்தி எங்களுக்குக் கீரைக் கணக்கில் சேராது. அது விரதத்தைச் சேர்ந்தது.

ஸ்கேனில் புதிதாக ஒரு கட்டி, சின்னது. ஊசி போட்டு, மாத்திரையையும் தொடரச் சொல்லி அனுப்பினார்கள். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் இவர் என் இடக்கையைப் பார்த்தார். பிறகு, "என்னாலதானே?" என்றார். ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை.

சாயங்காலம் மாத்திரையையும் சொம்பில் குடிக்கத் தீர்த்தத்தையும் கொண்டுவந்தார். விழுங்கிவிட்டு, வேண்டுமென்றே வாயை அகலத் திறந்து நாக்கையும் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

"போறும், மூடிக்கோ" என்று சொம்பை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

நாலு மாதமாக அவர் இப்படித் தலைகுனியவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். பார்த்தபோது பிடிக்கவில்லை. இங்கே வந்து உட்காருங்கோ என்று கூப்பிட்டேன். அவர் வரவில்லை.